ரத்தக்குழாய் வளரவில்லையா? ஃபைப்ரின் ஜெல்லில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கும் வழி

ஃபைப்ரின் என்பது ரத்தம் உறையும்போது உருவாகும் புரத வலை. அதால் ஆன ஜெல்லில் செல்களைக் கலந்து திங்கட்கிழமை ஊற்றியிருப்போம். சனிக்கிழமை தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், குழாய் வலை இருக்க வேண்டிய இடத்தில் சுருண்டுபோன செல்கள் கிடக்கும். இந்தச் சோதனையின் பெரிய தொல்லையே இதுதான். தப்பு நடந்த நாள் ஒன்று, அது கண்ணில் படும் நாள் வேறு. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலில் நின்று பார்த்துப் பயனில்லை, மேலே போய் மதகைப் பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் எந்த நாளுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கே பேசப்போவது நுண்குழாய்களைப் பற்றி மட்டும். தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த உட்சுவர்ச் செல்கள், அதாவது எல்லோரும் ஹூவெக் என்று சொல்பவை, மனித நுரையீரலின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்களோடு ஃபைப்ரின் ஜெல்லுக்குள் தாமாகவே சேர்ந்து குழாய் ஆகும் முறை இது. கையில் பிடித்துத் தைக்கிற அளவு பெரிய தமனியை வளர்ப்பது வேறு தொழில். லாரா நிக்லசன் குழு 1999-இல் பன்றிச் செல்களை வைத்துத் தமனி வளர்த்துக் காட்டியது. அந்த வழியில் வந்த சிம்வெஸ் என்ற மனிதத் திசுக் குழாய்க்கு 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் கிடைத்தது. அதற்கும் இங்கே சொல்வதற்கும் சிக்கல்கள் வேறு வேறு.

முதலில், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு

நான் வழக்கமாகப் போடும் கலவை இது: ஃபைப்ரினாக மாறும் புரதமான ஃபைப்ரினோஜன் மில்லிக்கு 3 மில்லிகிராம், அதை உறைய வைக்கும் த்ராம்பின் மில்லிக்கு 1 யூனிட், ஹூவெக் மில்லிக்கு 60 லட்சம், ஃபைப்ரோபிளாஸ்ட் 15 லட்சம். எல்லாம் ஜெல்லில் கடைசியாக நிற்கும் அளவுகள். மேலே ஊற்றுவது உட்சுவர்ச் செல்களுக்கான மீடியம், அதாவது உணவுக் கரைசல், 2 சதவீத சீரத்தோடு. குழாய் வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் அதிலேயே இருக்கும். தினமும் மாற்றுவேன்.

ஒழுங்காகப் போனால் நாட்காட்டி இப்படி இருக்கும். முதல் நாள் செல்கள் கால் நீட்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் ஒன்றையொன்று தொட்டுக் கயிறு போல இணையும். நான்கு, ஐந்தில் கயிற்றின் உள்ளே வெற்றிடம், அதாவது உட்குழல், திறக்கும். ஆறு, ஏழில் சாயம் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் கவலைப்பட வேண்டாம். மூன்று நாள் பிந்தினால் கீழே படியுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு முறையும் தட்டில் மூன்று குழிகளை ஒதுக்கி வையுங்கள்: செல்லே இல்லாத ஜெல் ஒன்று, ஹூவெக் மட்டும் ஒன்று, ஃபைப்ரோபிளாஸ்ட் மட்டும் ஒன்று. வீண் செலவு என்று தோன்றும். ஏதாவது கெட்டுப்போகிற வாரத்தில் இந்த மூன்றும்தான் சாட்சி சொல்லும்.

ஜெல் உறையவில்லை

இன்குபேட்டரில் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்தாயிற்று. தட்டை லேசாகச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஒரு பக்கம் ஓடுகிறது. செல்லில்லாத குழி உறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதுவும் உறையவில்லை என்றால் பழி பொருட்களின் மேல். த்ராம்பினைக் கரைத்து ஐஸில் மணிக்கணக்காக விட்டிருந்தால், அல்லது பலமுறை உறைய வைத்து உருக்கியிருந்தால் வீரியம் போயிருக்கும். சின்னச் சின்ன டியூபில் பிரித்து உறைய வைத்து, ஒன்றை ஒருமுறைதான் திறக்க வேண்டும். ஃபைப்ரினோஜனில் வேறு மாதிரி ஏமாற்று உண்டு. பொடியில் உப்பும் சேர்ந்திருக்கும். சில தயாரிப்புகளில் புரதம் முக்கால் பங்குதான். 10 மில்லிகிராம் நிறுத்துப் போட்டால் உறையும் புரதம் ஏழோ எட்டோதான் வரும். புட்டியின் சீட்டில் அந்தச் சதவீதம் போட்டிருப்பார்கள், அதை வைத்துக் கணக்கைத் திருத்துங்கள்.

கரைக்கும் விதமும் முக்கியம். 37 டிகிரி உப்புக் கரைசலின் மேல் பொடியைத் தூவிவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். உறை ஊற்றிய பாலை யாராவது ஆட்டுவார்களா? அதே மரியாதை இதற்கும். குலுக்கினால் நூல் நூலாகத் திரளும், வடிகட்டும்போது திரண்டதெல்லாம் வடிகட்டியிலேயே நின்றுவிடும், கீழே இறங்குவது நீர்த்த கரைசல். வடிகட்டி அடைத்துக்கொண்டு சிரிஞ்சை இரண்டு கையாலும் அழுத்த வேண்டி வந்தால், அந்தக் கரைசலை நம்பாதீர்கள்.

செல்லில்லாத குழி நன்றாக உறைந்து, செல் உள்ளவை மட்டும் உறையவில்லையா? அப்போது சந்தேகம் ஹெப்பாரின் மேல். ஹூவெக் மீடியத்தில் அது சேர்ந்திருக்கும். சீரத்தில் உள்ள ஆண்டித்ராம்பினோடு கைகோத்துக்கொண்டு அது த்ராம்பினை மடக்கும். உடலில் ரத்தம் உறையாமலிருக்க மருத்துவர்கள் ஹெப்பாரின் ஏற்றுவதும் இதே வேலைக்குத்தான். செல்களைச் சுழற்றி அடியில் இறக்கிய பிறகு மேல் மீடியத்தை முழுக்க உறிஞ்சிவிட்டு, நேராக ஃபைப்ரினோஜன் கரைசலிலேயே கலக்குங்கள்.

பிப்பெட் முனையிலேயே உறைந்துவிடுகிறது

கை மெதுவாக இருக்கிறது, அல்லது த்ராம்பின் அதிகம். த்ராம்பினைக் குழியின் நடுவில் சொட்டாக முதலில் வைத்துவிட்டு, ஐஸில் இருக்கும் செல் கலவையை அதன் மேல் விட்டு, நான்கு முறை ஏற்றி இறக்கி முடித்துவிட வேண்டும். குமிழி வந்தால் வந்தது, அதைக் குத்த நேரம் செலவழிக்காதீர்கள். சிப்பில் (நடுவில் ஜெல் அறையும் இரு பக்கமும் மீடியத்துக்கான வாய்க்கால்களும் உள்ள சின்னத் தட்டு) ஊற்றுகிறவர்கள் ஒரு சிப்புக்கு ஒரு கலவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கலவையில் ஆறு சிப் நிரப்ப ஆசைப்பட்டால் நான்காவதில் மாட்டிக்கொள்வீர்கள்.

செல்களெல்லாம் தட்டின் அடியில் படிந்திருக்கின்றன

மைக்ராஸ்கோப்பின் ஃபோகஸ் குமிழை அடியிலிருந்து மெதுவாக மேலே திருப்புங்கள். ஒவ்வொரு தளத்திலும் சில செல்கள் தெளிவாக வந்து மறைய வேண்டும். அடியில் மட்டும் பாவிய கல் மாதிரி ஒரு படலம் தெரிந்து, மேலே வெறும் ஜெல் என்றால், உறைவதற்கு முன்பே செல்கள் மூழ்கிவிட்டன. ஜெல் உறையும் நேரத்தைக் குறையுங்கள். சிப்பாக இருந்தால் ஊற்றியவுடன் கவிழ்த்து அரை நிமிடம், நிமிர்த்தி அரை நிமிடம் என்று மாற்றி மாற்றி வைத்தால் நடுவில் நிற்கும். திறந்த குழியில் இந்த வித்தை நடக்காது.

மறுநாளும் செல்கள் உருண்டையாகவே இருக்கின்றன

இதற்கு ஜெல் ஊற்றிய நாளுக்கும் முன்னால் போக வேண்டும், செல் வளர்த்த பாட்டிலுக்கு.

எரிக் ஜாஃபியும் அவரோடு இருந்தவர்களும் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து இந்தச் செல்களை எடுத்து வளர்க்கும் முறையை 1973-இல் வெளியிட்டார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை. கொடியில் சிரை ஒன்று, தமனி இரண்டு. வாய் அகலமாக, சுவர் மெல்லிதாக இருப்பது சிரை. அதில் குழாய் செருகி ரத்தத்தைக் கழுவி, கொலாஜனேஸ் நிரப்பி பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் உட்சுவர்ச் செல்கள் கழன்று வரும். அதிக நேரம் விட்டால் அடுத்த அடுக்குத் தசைச் செல்களும் கூடவே வந்துவிடும். (கொடி கொடுக்கும் தாயின் எழுத்துபூர்வ ஒப்புதலும், நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. மனித ரத்தம் பட்ட பொருள் என்பதால் கையுறை, பாதுகாப்பு அறை எல்லாம் கட்டாயம்.) விலைக்கு வாங்கிய செல்லாக இருந்தாலும் வந்த வழி இதுதான்.

நல்ல ஹூவெக், பாட்டிலில் நெருக்கமாகப் பதித்த கூழாங்கல் போலத் தெரியும். அங்கங்கே பெரிதாக, தட்டையாக, இரண்டு மூன்று உட்கருவோடு பரந்து கிடக்கும் செல்கள் கண்ணில் பட்டால் வயசாகிவிட்டது என்று பொருள். செல்களைப் பிரித்துப் புதுப் பாட்டிலுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு பாசேஜ். நான் ஐந்தாவது பாசேஜுக்கு மேல் ஜெல்லுக்கு அனுப்புவதில்லை. ஏழு எட்டிலும் பாட்டிலில் பெருகும், பார்க்க உயிரோடு இருக்கும், ஆனால் ஜெல்லுக்குள் போனால் குழாய் கட்டாது.

பாசேஜ் சரியாக இருந்தால், செல்களைப் பாட்டிலிலிருந்து கழற்றும் ட்ரிப்சின் என்சைமைக் கவனியுங்கள். செல்கள் கழன்றதும் உடனே நிறுத்த வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து நிறுத்தினால், ஜெல்லைப் பிடித்துக்கொள்ளும் இன்டெக்ரின்களையும் ட்ரிப்சின் வெட்டிவிட்டிருக்கும்.

மூன்றாவது, யாரும் ஒத்துக்கொள்ள விரும்பாதது: மைக்கோபிளாஸ்மா. மீடியம் கலங்காது, நிறம் மாறாது. செல்சுவர் இல்லாத பாக்டீரியா என்பதால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிப்போகும். உட்கருச் சாயம் போட்டுப் பார்த்தால் உட்கருவுக்கு வெளியே பொடிப்பொடியாக ஒளிரும். பி.சி.ஆர். செய்தால் சந்தேகமே வேண்டாம். இருந்தால் காப்பாற்ற முயலாமல் தூக்கிப் போடுங்கள். "இந்த ஒரு பாட்டில் மட்டும்" என்று வைத்திருந்த ஆய்வுக்கூடங்களின் கதை எனக்குத் தெரியும்.

கயிறு போல வலை இருக்கிறது, உள்ளே உட்குழல் இல்லை

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தாங்களே ஏமாந்துபோகிறார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் வலை அழகாக இருக்கும், சிக்குக் கோலம் போட்டது போல. அது குழாயா, வெறும் செல் கயிறா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உட்சுவர்ச் செல்லை ஒளிரவைக்கும் சி.டி.31 சாயம் போட்டு, கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் ஒரு மைக்ரான் இரண்டு மைக்ரான் இடைவெளியில் அடுக்கடுக்காகப் படம் எடுத்து, குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் கருப்பு வட்டம், சுற்றிலும் ஒளிரும் வளையம் தெரிந்தால் குழாய். முழுசாக ஒளிரும் புள்ளியாகத் தெரிந்தால் கயிறு. கான்ஃபோகல் இல்லாதவர்களுக்குச் சாதாரண ஃபேஸ் கான்ட்ராஸ்டிலும் ஒரு அடையாளம் உண்டு: குழாயாக இருந்தால் இணையாக இரண்டு பிரகாசமான கோடுகளும் இடையில் தெளிந்த வெளியும் தெரியும், வாய்க்காலின் இரண்டு கரை மாதிரி.

மேட்ரிஜெல் மேல் செல் தெளித்து ஆறு மணி நேரத்தில் "குழாய் உருவானது" என்று படம் எடுப்பவர்களை இங்கே குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேட்ரிஜெல் எலியின் கட்டியிலிருந்து எடுக்கும் பசை. அதன் மேல் ஃபைப்ரோபிளாஸ்டைப் போட்டாலும், சில புற்றுநோய்ச் செல்களைப் போட்டாலும் வலை மாதிரிதான் ஆகும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் பிய்ந்து கிடக்கும். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று விரைவாகச் சோதிக்க அது உதவலாம். திசுவுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் வேண்டுமென்றால் அந்தப் படத்தை வைத்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

சரி, ஃபைப்ரினில் உட்குழல் திறக்காததற்கு என்ன காரணம்? ஹூவெக் மட்டும் போட்ட குழியையும் கலந்து போட்ட குழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், கலவையில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் வேலை செய்யவில்லை. கொலாஜன்-1, ஸ்பார்க் போல அவை சுரக்கும் சில புரதங்கள் இல்லாமல் உட்குழல் திறப்பதில்லை என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் கிறிஸ்டஃபர் ஹியூஸின் குழு 2011-இல் காட்டியது. வி.இ.ஜி.எஃப்.-ஐ இரண்டு மடங்கு ஊற்றி அந்த இடத்தை நிரப்ப முடியாது. நானும் ஊற்றிப் பார்த்திருக்கிறேன், பணம்தான் போனது.

அதனால் ஃபைப்ரோபிளாஸ்டின் பாசேஜையும் பாருங்கள். எல்லோரும் ஹூவெக்கைக் குழந்தை போலப் பார்த்துக்கொள்வார்கள். ஃபைப்ரோபிளாஸ்டோ பதினைந்தாவது பாசேஜில் ஒரு மூலையில் கிடக்கும். கலந்து போடாமல் ஜெல்லின் மேலே படலமாகப் போடுகிறவர்கள், ஜெல்லின் கனத்தையும் கவனியுங்கள். சுரப்பு ஊறி இறங்க வேண்டுமே, ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் கீழே வலை மெலியும்.

அடுத்தது ஜெல்லின் அடர்த்தி. மில்லிக்கு 10 மில்லிகிராம் என்று கெட்டியாகப் போட்டால் செல்கள் வழி வெட்ட முடியாமல் குட்டையாகவே நிற்கும். 1 மில்லிகிராமில் நீளமாக ஓடும், ஆனால் குழாய் மெலிந்திருக்கும், ஜெல்லும் சீக்கிரம் கரையும். 2.5-க்கும் 3-க்கும் நடுவில் நான் நிற்பது இதனால்தான்.

இதெல்லாம் சரி என்றால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். நான்காம் நாள் கயிறாக இருந்தது ஆறாம் நாள் திறப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்காம் நாள் வரை அழகு, ஐந்தாம் நாள் ஜெல்லில் ஓட்டை

வலை நன்றாக வந்துகொண்டிருக்கும். ஒரு காலை பார்த்தால் ஜெல்லின் நடுவில் தெளிந்த வட்டம், அதன் விளிம்பில் செல்கள் தொங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் குழியே காலி.

செல்லில்லாத ஜெல் அப்படியே இருக்கிறதா? இருந்தால் தின்றது உங்கள் செல்கள்தான். உடலில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் இங்கேயும் வேலை செய்கிறது. சீரத்தில் அதன் மூலப்பொருளான பிளாஸ்மினோஜன் இருக்கிறது, செல்கள் அதைத் தூண்டிவிடுகின்றன. குழாய் வளர ஜெல் கொஞ்சம் கரையத்தான் வேண்டும், மொத்தமாகக் கரைந்தால்தான் ஆபத்து. அதைத் தடுக்க அப்ரோட்டினின் சேர்ப்போம், மில்லிக்கு 0.15 யூனிட், ஜெல்லிலும் போட்டு, மாற்றும் மீடியத்திலும் ஒவ்வொரு முறையும். ஜெல்லில் மட்டும் போட்டுவிட்டு மீடியத்தில் மறந்தால் முதல் மாற்றத்திலேயே பாதி கழுவிப் போய்விடும்.

இந்த யூனிட்டில் ஒரு பொறி இருக்கிறது. அப்ரோட்டினினை இரண்டு அளவில் விற்கிறார்கள்: கே.ஐ.யூ., டி.ஐ.யூ. இரண்டுக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். 0.15 என்பது டி.ஐ.யூ. கணக்கு. நான் ஒருமுறை கே.ஐ.யூ. புட்டியை எடுத்து அதே 0.15-க்குக் கணக்குப் போட்டு ஊற்றினேன். அதாவது ஒன்றுமே ஊற்றவில்லை. இரண்டு வாரம் செல்லைச் சந்தேகப்பட்டேன், சீரத்தைச் சந்தேகப்பட்டேன், இன்குபேட்டரைக்கூடத் துடைத்துக் காயவைத்தேன். கடைசியில் புட்டியின் சீட்டைச் சத்தம் போட்டுப் படித்தபோதுதான் பிடிபட்டது.

ஃபைப்ரோபிளாஸ்ட் மட்டும் போட்ட குழி முதலில் கரைந்தால் அவற்றின் எண்ணிக்கையைக் குறையுங்கள். செல்லில்லாத ஜெல்லும் கரைந்தால் ஏதோ தொற்று புகுந்திருக்கிறது, அல்லது உங்கள் ஃபைப்ரினோஜனிலேயே பிளாஸ்மினோஜன் கலந்து வந்திருக்கிறது. பிளாஸ்மினோஜன் நீக்கிய வகையும் கடையில் கிடைக்கும்.

ஜெல் சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது

கரைவது வேறு, சுருங்குவது வேறு. சுருங்கினால் ஜெல் முழுசாகவே இருக்கும், ஆனால் விளிம்பில் பிறை போல இடைவெளி விழும். ஃபைப்ரோபிளாஸ்ட் இழுக்கிறது. காயம் ஆறும்போது தோலை இழுத்து மூடும் செல் அது, அதன் சுபாவமே இழுப்பதுதான். எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். சிப்பில் என்றால் உட்சுவரில் பாலி-லைசின் பூசிவிட்டு ஊற்றினால் பிடிப்பு கூடும்.

குழாய் இருக்கிறது, சாயம் உள்ளே போகவில்லை

கான்ஃபோகலில் வட்டம் வட்டமாக உட்குழல் தெரிகிறது. சிப்பின் பக்கத்து வாய்க்காலில் டெக்ஸ்ட்ரான் என்ற ஒளிரும் சாயத்தை ஊற்றினால் அது ஜெல்லின் விளிம்பில் கோடு கட்டி நிற்கிறது. மதகு திறக்கவில்லை. உள்ளே குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன, வெளியே வாய் வைக்கவில்லை.

விளிம்பை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஜெல்லின் முகப்பில் ஃபைப்ரோபிளாஸ்ட் படலமாகப் படர்ந்து அடைத்திருக்கலாம். அப்போது அவற்றைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. பெரும்பாலும் காரணம் வேறு: முகப்பில் உட்சுவர்ச் செல்லே இல்லை. உள்ளிருந்து வரும் குழாய் கைகுலுக்க ஆளில்லாமல் நின்றுவிடுகிறது. மூன்றாம் அல்லது நான்காம் நாள் பக்க வாய்க்காலில் செல் ஒட்ட உதவும் ஃபைப்ரோனெக்டின் பூசி, புதிதாகக் கொஞ்சம் ஹூவெக் விட்டு, சிப்பை ஜெல் பக்கம் கீழே இருக்கும்படி செங்குத்தாகச் சாய்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். செல்கள் முகப்பில் வந்து ஒட்டும். மறுபக்கத்துக்கும் அப்படியே. இரண்டு நாளில் இந்தப் படலமும் உள்ளே இருக்கும் குழாய்களும் சேர்ந்துகொள்ளும். இந்த ஒரு வேலையைச் சேர்த்த பிறகுதான் என்னுடைய சிப்புகள் பெரும்பாலும் திறக்க ஆரம்பித்தன.

அப்புறம் நீர்மட்டம். ஒரு பக்கம் மீடியம் 5 மில்லிமீட்டர் உயரமாக இருந்தால் ஏறக்குறைய 50 பாஸ்கல் அழுத்தம் கிடைக்கும். இரண்டு பக்கமும் சமமாக ஊற்றிவிட்டு ஓடவில்லை என்று வருத்தப்பட்டால் எப்படி? இந்த மட்ட வித்தியாசத்தை நான்காம் நாளிலிருந்தே வைத்திருந்தால் ஜெல்லுக்குள் கசியும் ஓட்டம் குழாய்களைத் திறக்கவும் தூண்டும். ஒரே இரவில் மட்டம் சமமாகிவிடும், காலையில் மீண்டும் ஏற்ற வேண்டும்.

குமிழியைக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் முதலில் பாருங்கள். குளிர்ந்த மீடியத்தை எடுத்து அப்படியே ஊற்றினால் 37 டிகிரியில் கரைந்த காற்று வெளியேறி வாய்க்காலின் கழுத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெறும் கண்ணுக்கே தெரியும். முன்கூட்டியே சூடாக்கி வைத்த மீடியத்தை ஊற்றினால் தீரும்.

சாயம் முதன்முதலாக உள்ளே போகும்போது திரையில் ஒரு விரல் போல ஒளி நுழையும், கிளையில் தயங்கும், பிறகு இரண்டாகப் பிரிந்து ஓடும். முழு வலையும் ஒளிர்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், எனக்குப் பாதி முறை மறந்துபோகும். சாயத்தை மட்டும் நம்பாதவர்கள் 1 மைக்ரான் ஒளிரும் மணிகளை விடலாம். சாயம் ஜெல் வழியாகவும் ஊறிப் பரவும். மணி குழாயில்தான் ஓடும்.

சாயம் உள்ளே போய் உடனே வெளியே கசிகிறது

எந்தச் சாயம் என்று பாருங்கள். சின்ன மூலக்கூறாக இருந்தால் நல்ல குழாயிலும் கசியும். 70 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரான் போடுங்கள், அது ரத்தத்தில் உள்ள அல்புமினின் அளவுக்கு நெருக்கம்.

அதுவும் கசிந்தால் வி.இ.ஜி.எஃப். அளவைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. 1983-இல் இதே புரதத்தை முதலில் பிரித்தெடுத்தவர்கள் அதற்கு வைத்த பெயரே "குழாய்களைக் கசியவைக்கும் காரணி" என்பதுதான். வளர்க்கும்போது வேண்டும், வளர்ந்த பிறகு கூடுதலாக ஊற்றினால் குழாய் ஊதி, செல்களுக்கு இடையே பிடி தளரும். தனியாகச் சேர்க்கிறவர்கள் ஐந்தாம் நாளுக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டு மீடியத்தில் இருக்கும் அளவோடு விட்டுவிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் பீறிட்டால் அது ஊசியாலோ பிப்பெட்டாலோ கிழிந்த இடம், மருந்து கிடையாது.

பத்து நாளில் குழாய்கள் தேய்ந்து மறைகின்றன

ஓட்டமில்லாத குழாயை உடலும் வைத்துக்கொள்வதில்லை. முதல் மருந்து ஓட்டம். இரண்டாவது, குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் துணைச் செல்கள். 2004-இல் ராகேஷ் ஜெயின் குழு ஹூவெக்கை மட்டும் எலிக்குள் வைத்தபோது குழாய்கள் சில வாரங்களில் தேய்ந்தன. 10டி1/2 என்ற எலித் துணைச் செல்களைச் சேர்த்து வைத்தவை ஒரு வருடம் வேலை செய்தன. உங்கள் ஜெல்லில் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் தூரத்தில் மிதக்கின்றனவா, குழாயை ஒட்டிப் படுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டவே இல்லை என்றால் பெரிசைட் என்ற துணைச் செல்லை வாங்கிச் சேர்ப்பது பலன் தரும், விலைதான் கடிக்கும்.

தடித்த திசுவின் நடுப்பகுதி செத்துவிடுகிறது

ஆக்சிஜன் தானாக ஊறிப் போகும் தூரம் 100 முதல் 200 மைக்ரான் வரைதான். நுண்குழாய் வலை உருவாக ஒரு வாரம் ஆகிறது, நடுவில் இருக்கும் செல்களால் அத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. மீடியத்தை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. முதலில் பெரிய வாய்க்கால் வெட்டிவிட்டு, அதிலிருந்து நுண்குழாய் கிளைக்க விட வேண்டும். 2012-இல் ஜோர்டன் மில்லரும் கிறிஸ்டஃபர் சென்னும் சர்க்கரைக் கண்ணாடியால் கம்பி வலை அச்சிட்டு, அதைச் சுற்றி ஜெல் ஊற்றி, சர்க்கரையைக் கரைத்து வெளியேற்றி வாய்க்கால் ஆக்கினார்கள். பாகு பதம் தெரிந்தவர்களுக்கு இது புரிவது சுலபம். நாசா நடத்திய போட்டியில் 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள கல்லீரல் திசுவை 30 நாள் உயிரோடு வைத்து 2021-இல் வென்ற இரண்டு வேக் ஃபாரஸ்ட் அணிகளும் உள்ளே வாய்க்கால் விட்டே அச்சிட்டிருந்தன. அந்த வசதி இல்லாதவர்கள் ஜெல்லின் கனத்தை 1 மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்வதே மேல்.

போன மாதம் வந்தது, இந்த மாதம் வரவில்லை

எதுவும் மாறவில்லை என்று சொல்வீர்கள். ஏதோ மாறியிருக்கிறது. சீரத்தின் லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்பது), ஃபைப்ரினோஜனின் லாட் எண், ஹூவெக் கொடுத்த தாய். ஒரே ஒருவரின் செல்லாக இருந்தால் இந்தக் கடைசி வேறுபாடு பெரிதாகவே இருக்கும், பலரின் செல்லைக் கலந்து விற்பதை வாங்கினால் கொஞ்சம் சமப்படும். வளர்ச்சிக் காரணி சேர்த்த மீடியம் ஃப்ரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் கீழே கொட்டிவிடுங்கள்.

தேடும் வழி இது: போன மாதம் வேலை செய்த அதே லாட்டில் உறைய வைத்திருக்கும் செல்லை எடுத்து, மற்ற பொருட்களில் ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் போடுங்கள். ஒரே வாரத்தில் நான்கை மாற்றிப் போட்டால் வலை வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. பழைய லாட் தீர்ந்துபோயிருந்தால் இந்த வழி அடைபடும். அதனால் புது லாட் வந்த அன்றே பழையதில் ஒரு புட்டியை ஒதுக்கி, மூடியின் மேல் "தொடாதே" என்று எழுதி, பின் தட்டில் வைத்துவிடுவேன். என்னுடைய ஃப்ரீசரில் இப்போது அப்படி ஐந்து புட்டிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை யாரோ எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.